அலமாரிக்குக் கதவு வந்த கதை

உங்கள் படுக்கையறை அலமாரியின் கதவை ஒருமுறை முழுதாகத் திறந்து பாருங்கள். கட்டில் விளிம்பில் இடித்து நிற்கிறதா? நம் வளாகத்தில் பல வீடுகளில் இதே கதைதான். பாதி திறந்த கதவுக்குள் கையை நுழைத்து, தடவிப் பார்த்தே துணி எடுக்கப் பழகிவிட்டோம்.

மழை ஓய்ந்ததும் சில வீடுகளில் மடிப்புக் கதவு போடப் போகிறார்கள். "ஃபோல்டிங் நல்லதா, ஸ்லைடிங் நல்லதா?" என்ற கேள்வி மாலை நடையின்போது என்னிடமும் வந்தது. எனக்குத் தச்சு வேலை தெரியாது. ஆனால் அலமாரிக் கதவு விஷயத்தில் எங்கள் வீடு நன்றாகவே பட்டிருக்கிறது. பட்ட பிறகுதான், அலமாரிக்குக் கதவு எப்போது, எதற்காக வந்தது என்று தேடிப் படித்தேன். அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்கான பதிலும் அதிலேயே கிடைத்துவிடும்.

சுவருக்குள் இருந்த அலமாரி

'அலமாரி' போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். அவர்கள் மொழியில் 'அர்மாரியோ'. ஜன்னல், சாவி, மேசை ஆகியவையும் அதே வழியில் வந்தவைதான். அதற்கு முன் நம் வீடுகளில் பொருள் வைக்க இடமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். விளக்குக்கு மாடம், நெல்லுக்குக் குதிர், வெண்ணெய்க்கு உறி, பெரிய பாத்திரங்களுக்குப் பரண், பட்டுக்கும் நகைக்கும் பெட்டகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருந்தது. அன்றாடத் துணி கொடியில் தொங்கும். மடிப் புடவை உத்தரத்திலிருந்து தொங்கும் மூங்கில் கழியில், யார் கையும் படாத உயரத்தில் உலரும்.

துணி வைக்கும் இடங்களில் பெட்டகத்தைத் தவிர எதற்கும் மூடி கிடையாது என்பதைக் கவனியுங்கள். பெட்டகத்துத் துணியையும் அவ்வப்போது வெயில் காட்டி, வசம்புத் துண்டு போட்டுத்தான் திரும்ப அடுக்குவார்கள். ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம் நிற்கும் கடலோர ஊர்களில் துணியை எப்படி வைத்துக் காக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பழைய ஓட்டு வீடுகளின் சுவர் ஒன்றரை அடி, சில வீடுகளில் இரண்டு அடி கனம் இருக்கும். அந்தக் கனத்துக்குள்ளேயே ஓர் அடி ஆழத்துக்கு இடம் விட்டு, மூன்று பலகை பதித்தால் சுவர் அலமாரி தயார். அறைக்குள் அது ஓர் அங்குலம்கூட நீட்டாது. வசதியுள்ள வீடுகளில் அதற்குச் சின்னதாக இரட்டைக் கதவு இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் அந்தக் கதவும் பர்மா தேக்கில் இழைத்ததாக இருக்கும். திறந்தால் இடிப்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. படுக்கை என்பது பாய். பொழுது விடிந்தால் சுருட்டி மூலையில் வைத்துவிடுவார்கள்.

கதவு இடிக்கும் பிரச்சினை நம் பாட்டிகளுக்கு ஏன் இல்லை என்பதற்கு இவை இரண்டும் காரணம். சுவர் கனமாக இருந்தது. அறை காலியாக இருந்தது.

பீரோ வந்தது

1897இல் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம், 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. நம் ஊரில் அதற்குப் பெயர் பீரோ. பிரெஞ்சு மொழியில் எழுது மேசையைக் குறிக்கும் சொல் அது. எப்படியோ நம்மிடம் வந்து இரும்பு அலமாரியாகிவிட்டது. தேக்குக்கும் அந்தக் காலத்தில் சோதனை வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கே வணிகம் செய்த நம்மவர்கள் ஊர் திரும்பினார்கள். தேக்கு வரத்தும் குலைந்தது. கல்யாணச் சீரில் தேக்குப் பெட்டிக்குப் பதில் பீரோ இடம்பிடித்தது. இன்றும் நம்மில் பலர் வீட்டில் அம்மாவின் சீராக வந்த பீரோ, உள்கண்ணாடி ரசம் போன நிலையிலும் நிற்கிறது.

பீரோவில் இரண்டு நல்ல விஷயங்கள். கரையான் அதைத் தின்னாது. அதற்குக் கால் உண்டு. சுவரை விட்டு நாலு விரற்கடை தள்ளி நிறுத்தலாம். பின்சுவரில் ஓதம் ஏறுகிறதா என்று எட்டிப் பார்க்கலாம். வேண்டுமானால் இரண்டு பேர் பிடித்து நகர்த்தலாம். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சுவர் மெலிந்தது, அலமாரி அறைக்குள் வந்தது

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961இல் உருவானது. அதன் குடியிருப்புகளும், பின்னால் தனியார் கட்டிய அடுக்குமாடிகளும் நம்மைத் தரையிலிருந்து மாடிக்கு ஏற்றின. கான்கிரீட் தூணும் பீமும் பாரத்தைத் தாங்கிக்கொண்டதால் சுவருக்குப் பெரிய வேலை இல்லை. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், அறைகளுக்கு நடுவே நாலரை அங்குலம் என்று ஆகிவிட்டது. நாலரை அங்குலச் சுவருக்குள் எதைக் குடைவது? அலமாரி அறைக்குள் இறங்கி, தரையில் இரண்டு அடியைப் பிடித்துக்கொண்டது.

பழைய அடுக்குமாடிகளில் கட்டிக் கொடுத்த அலமாரி எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? பக்கத்துக்கு ஒரு மெல்லிய சுவர், நடுவில் நாலைந்து கடப்பாக் கல், மேலே கான்கிரீட் பரண். அவ்வளவுதான். கடப்பாக் கல் ஆந்திரத்தின் கடப்பா பகுதியில் கிடைக்கும் கறுத்த சுண்ணாம்புக் கல். பலகை பலகையாகப் பிளந்து எடுக்கலாம். விலை குறைவு, கரையான் அரிக்காது, ஈரத்தில் உப்பாது. நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற தட்டு என்றால் அதுதான்.

ஆனால் முன்பக்கம் திறந்து கிடக்கும். விருந்தாளி வந்தால் கலைந்த துணி கண்ணில் படும். முதலில் வந்தது திரைச்சீலை. இரண்டு ஆணி, ஒரு ஸ்பிரிங் கம்பி, பழைய புடவையில் தைத்த திரை. அடுத்துத்தான் பிளைவுட் கதவு வந்தது.

பிளைவுட்டுக்கும் ஒரு கதை உண்டு. நம் நாட்டில் அது பெருமளவில் புழக்கத்துக்கு வந்தது தேயிலைப் பெட்டியாகத்தான். வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் பிறகுதான் வந்தது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஓர் உத்தரவு மரத் தொழிலையே புரட்டிப் போட்டது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு அது. மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் காடுகளில் நடந்துவந்த மரம் அறுக்கும் ஆலைகளையும் பிற வேலைகளையும் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போகவும் தடை விழுந்தது. காட்டு மரம் குறைந்தபோது, தோட்டத்தில் வளர்த்த பாப்லர், யூகலிப்டஸ் போன்ற மரங்களின் பிளைவுட் பெருகியது. மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகைகளும் கடைக்கு வந்தன. கதவு மலிவாகி, எல்லோர் வீட்டுக்கும் வந்தது. ஆனால் தேக்கு தாங்கிய ஈரத்தை இவை அதே அளவு தாங்கா.

பதினெட்டு அங்குலக் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நம் சின்னப் படுக்கையறை பத்துக்குப் பத்து அடி, அதாவது 120 அங்குலம். அலமாரி ஆழம் 24 அங்குலம். எதிர்ச்சுவரில் தலை வைத்துக் கட்டில் போட்டால் அதன் நீளம் 78 அங்குலம். 120இல் இவை இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 18 அங்குலம்.

நாலடி அகல அலமாரிக்கு இரண்டு சாதாரணக் கதவு போட்டால் ஒவ்வொன்றும் 24 அங்குலம். திறக்க 24 அங்குலம் வேண்டும், இருப்பதோ 18. இடிக்கத்தான் செய்யும்.

ஸ்லைடிங் கதவு இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது. தரையில் ஓர் அங்குலமும் கேட்காது. பதிலுக்கு வேறொன்றை எடுத்துக்கொள்ளும்: எப்போதும் அலமாரியில் பாதிதான் திறக்கும். ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போகிறதே தவிர, இரண்டும் ஒருசேர விலகாது.

மடிப்புக் கதவில் அதே நாலடியை 12 அங்குலப் பலகை நாலாகப் பிரிக்கிறோம். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் நடுவில் மடிந்து பக்கவாட்டில் ஒதுங்கும். முன்னால் வருவது சுமார் 12 அங்குலம்தான். மிச்சமிருக்கும் 18 அங்குலத்தில் நீங்கள் நிற்கலாம், கதவும் மடியலாம். பக்கத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மடித்த பலகைக்குப் போக, அலமாரி முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

மடிப்பது பழைய யோசனை

இது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்த இத்தாலிய ஊர்களில் ஒன்று ஹெர்குலேனியம். அங்கே ஒரு வீட்டில் கூடத்துக்கும் அதை அடுத்த அறைக்கும் நடுவே மரத்தாலான மடக்குத் தடுப்பு இருந்தது. எரிமலையின் வெப்பத்தில் மரம் கரியாகி, வடிவம் குலையாமல் மண்ணுக்கடியில் தங்கிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டு கழித்து இன்றும் அதைப் பார்க்கலாம். அந்த வீட்டுக்கே 'மரத்தடுப்பு வீடு' என்றுதான் பெயர். வேண்டும்போது அறையை மூடவும், வேண்டாதபோது முழுதாகத் திறக்கவும் அந்த வீட்டுக்காரர் வழி கண்டிருக்கிறார்.

அதே காலத்தில் புதைந்த பொம்பெயில், கடை வாசற்படிகளில் பலகை செருகும் பள்ளம் இருக்கிறது. பலகைகளை வரிசையாகச் செருகிக் கடையை மூடுவார்கள். நம் பழைய கடைத்தெருக்களில் எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி மளிகைக் கடை அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அகல வாசலை முழுதாகத் திறக்க வேண்டும், ஆனால் கதவு தெருவை அடைக்கக் கூடாது. தேவை ஒன்றாக இருந்ததால் விடையும் ஒன்றாகவே இருந்தது.

நம் நாட்டில் ராஜஸ்தானின் சித்தோர்கட் அருகே பஸ்ஸி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள தச்சர்கள் 'காவட்' என்ற மரப்பெட்டி செய்கிறார்கள். கதை சொல்பவர் அதன் மடிப்புக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, உள்ளே தீட்டிய படங்கள் வழியே கதை நகரும். கையில் தூக்கிப்போகும் பெட்டிக்குள் ஒரு கோயிலே மடிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பழைய வாசற்கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையில் உள்ள குழிக்குள் சுழலும். கதவின் பாரம் முழுவதும் கீழ்க் குடுமியில் இறங்கும். அதனால்தான் அத்தனை கனமான தேக்குக் கதவு நூறு ஆண்டு ஆடியும் தொங்கிப் போகவில்லை. இன்று மடிப்புக் கதவுக்குக் கடையில் விற்கும் இரும்புச் சாமானைப் பாருங்கள். சுவரோரப் பலகைக்கு மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை. இரண்டும் குழியில் சுழல்கின்றன. நடுவில் மட்டும் கீல். முன் பலகையின் மேலே உள்ள உருளை, ரயிலில் ஓடும். குடுமிதான் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஆசாரி "பிவட்" என்று சொன்னால் மிரள வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் படுக்கையறை அலமாரிக்கு முதலில் திரை, பிறகு ஸ்லைடிங் கதவு. பார்க்க அழகாக இருந்தது. இடப்பக்கம் அன்றாடத் துணி என்பதால் வலக்கதவு அநேகமாக அசைவதே இல்லை. அதன் பின்னால் மேல்தட்டில் அப்பா வைத்திருந்த வீட்டுப் பத்திரங்களும் அம்மாவின் கூறைப் புடவையும் இருந்தன. "உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை. மேல் வீட்டுக் குளியலறையின் நஹானி டிராப் இணைப்பில் கசிவு இருந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக இறங்கிய நீரைச் சுவர் குடித்தது. சுவரிலிருந்து பின்பலகை குடித்தது. ஒரு நாள் வங்கிக்காகப் பத்திரம் எடுக்க வலக்கதவைத் தள்ளியபோது பூஞ்சை நெடி முகத்தில் அடித்தது. மூலப் பத்திரத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழிந்தன. கூறைப் புடவையில் கறுப்புப் புள்ளி.

சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டோம். சட்டப்படி வேலை ஓடுகிறது. ஆனால் அப்பா கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் போனது போனதுதான்.

அதைவிட மோசமானது, மேல் வீட்டுக்காரரோடு இரண்டு மாதம் பேச்சில்லாமல் போனது. "உங்கள் கசிவால் எங்கள் சொத்துப் போயிற்று" என்றேன். "இத்தனை மாதமாகச் சொல்லாமல் இப்போது சொன்னால் எப்படி?" என்றார் அவர். கோபம் தணிந்து யோசித்தபோது அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் வீட்டில் தரைக்கு மேலே எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டிய சுவர் என் வீட்டில் இருந்தது. அதை நானே கதவு போட்டு மறைத்துவைத்திருந்தேன். முதல் மாதமே பார்த்திருந்தால் பிளம்பர் ஒருவரின் அரைநாள் வேலையோடு முடிந்திருக்கும். பிறகு இணைப்பை அவர் சரிசெய்தார், பூச்சு வேலையை நாங்கள் பார்த்துக்கொண்டோம். இப்போது அவர் வீட்டுப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் போட்டது மடிப்புக் கதவு. தினமும் துணி எடுக்கத் திறக்கும்போதே பின்சுவர் முழுதும் கண்ணில் பட்டுவிடும். பீரோவை நகர்த்திப் பார்த்த காலத்துக்கு ஏறக்குறைய திரும்பிவிட்டோம்.

கதவு போடும் முன்

நீங்கள் எந்தக் கதவு போட்டாலும், முதலில் அலமாரியை முழுதாகக் காலி செய்யுங்கள். டார்ச் வெளிச்சத்தைச் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள். பூச்சு உப்பியிருந்தாலோ, வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, பெயிண்ட் உரிந்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. கசிவைச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகே ஆசாரியைக் கூப்பிடுங்கள். சுவரின் மறுபுறம் குளியலறை என்றால் மேல் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடப்பாக் கல்லில் நேரடியாகத் திருகு போட விடாதீர்கள்; விளிம்பு தெறித்துவிடும். சுவரில் மரச்சட்டம் பதித்து அதில்தான் முளையும் ரயிலும் வர வேண்டும். சட்டம் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் மடிப்புக் கதவு தானாகத் திறக்கும், அல்லது நடுவில் உரசும். ஓர் அடி அகலம், ஏழடி உயரம், 19 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் ஒரு பலகை ஏறக்குறைய 10 கிலோ. ஜோடிக்கு 20 கிலோ. அந்தப் பாரத்துக்கான சாமான்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அழுத்திய தூள் பலகையின் விளிம்பில் கீல் திருகு நெடுநாள் பிடித்து நிற்காது. பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது ஈரத்தை நன்றாகத் தாங்கும், ஐ.எஸ். 303இல் ஈரம் தாங்கும் தரமா, சாதாரணத் தரமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளே இழுப்பறை வைப்பதானால் மடித்த பலகையில் இடிக்காதபடி பக்கத்துக்கு மூன்று அங்குலம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில், இரு பலகை சேரும் மடிப்பில் விரல் நசுங்கும் ஆபத்து உண்டு. கைப்பிடியை அந்த மடிப்பை விட்டுத் தள்ளிப் பொருத்தி, குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

காற்றுக்கும் வழி வேண்டும். புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் ஜன்னல் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த சட்டங்களை அடுக்கியிருப்பார்கள். வெயிலும் சாரலும் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். மடிப்புக் கதவிலும் மேலும் கீழும் ஓரடிக்கு அப்படிச் சட்டம் வைக்கச் சொல்லலாம். பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், பின்பலகையே போடாமல் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். செலவும் குறையும், சுவரும் தெரியும். எங்கள் ஆசாரி இதைக் கேட்டதும், "அந்தக் காலத்தில் அப்படித்தான் சார் செய்வோம்" என்றார்.

பத்திரங்களை மட்டும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இந்த வாரக் கடைசியில் ஒருமுறை எடுத்து, வெயில் காட்டி, வேறு இடத்தில் வையுங்கள்.